மர நிழலில் விழுந்த வளையங்கள்: கேமரா லென்ஸ் படத்தை உருவாக்குவது எப்படி?

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, வியாழக்கிழமை. ஜொகூர் மாநிலத்தின் பொந்தியான் மாவட்டத்தில் உள்ள தஞ்சோங் பியாய், ஆசியக் கண்டத்தின் பெருநிலம் தெற்கே முடிகின்ற முனை. அன்று மதியம் 1 மணி 20 நிமிடத்தைத் தாண்டிய நேரத்தில் அங்கே சூரியனின் நடுப்பகுதியை நிலா மறைத்துக்கொண்டது. சுற்றிலும் மெல்லிய நெருப்பு வளையம் மட்டும் மிஞ்சியது. கங்கண சூரிய கிரகணம் என்று சொல்லப்படுவது இதுதான்.

அதே கிரகணத்தை அன்று காலை இந்திய நேரப்படி ஒன்பதரை மணி அளவில் கோயம்புத்தூரும் திண்டுக்கல்லும் புதுக்கோட்டையும் பார்த்தன. அடுத்து யாழ்ப்பாணம். பிறகு கடலைக் கடந்து சுமத்திரா, ஜொகூர், சிங்கப்பூர். தமிழர்கள் அதிகமாக வாழ்கின்ற இத்தனை ஊர்களை ஒரே நாளில் தொட்டுச் சென்ற கிரகணம் அடிக்கடி வருவதில்லை.

அன்றைக்கு வானத்தைப் பார்ப்பதற்குச் சிறப்புக் கண்ணாடி தேவைப்பட்டது. அது கிடைக்காதவர்களில் சிலர் தரையைப் பார்த்தார்கள். மேகம் விலகிய இடங்களில், மரத்தடி நிழலில், நூற்றுக்கணக்கான சிறு சிறு ஒளி வளையங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் வானத்தில் இருந்த அந்தச் சூரியனின் படம்.

அங்கே கேமரா இல்லை. லென்ஸ் இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் அந்தப் படங்களை உருவாக்கியது எது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், பல ஆயிரம் ரிங்கிட் விலையுள்ள லென்ஸ் என்ன வேலை செய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

சுவரில் ஏன் படம் விழுவதில்லை?

முதலில் ஒரு எளிய விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டு முன்னறையின் சுவர் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது. தெருவில் உள்ள மரம், கார், எதிர்வீட்டு வாசல் எல்லாவற்றிலிருந்தும் ஒளி வந்து அந்தச் சுவரில் விழுகிறது. ஆனால் சுவரில் மரமும் தெரிவதில்லை, காரும் தெரிவதில்லை. ஏன்?

ஒளி வராததால் அல்ல. எல்லா இடத்திலிருந்தும் ஒளி வருவதுதான் காரணம். மரத்தின் ஒரே ஒரு இலையை எடுத்துக்கொண்டால், அந்த இலையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் புறப்படுகிறது. அது சுவர் முழுவதிலும் விழுகிறது. பக்கத்து இலையின் ஒளியும் சுவர் முழுவதிலும் விழுகிறது. கார், வாசல், வானம் எல்லாமே அப்படித்தான். ஆக, சுவரின் ஒவ்வோர் இடத்திலும் எல்லாப் பொருள்களின் ஒளியும் கலந்து கிடக்கிறது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேசியதும் புரியாது அல்லவா? அந்த நிலைதான் சுவருக்கு.

இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாக எழுதி வைத்தவர் இப்னு அல்-ஹைதம். ஈராக்கின் பஸ்ராவில் பிறந்து, எகிப்தின் கெய்ரோவில் வாழ்ந்தவர். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசையிலும் நேர்க்கோட்டில் செல்கிறது என்பது அவருடைய ஆய்வின் அடித்தளம். கிரகணத்தின் வடிவத்தைப் பற்றியே அவர் தனியாக ஒரு நூல் எழுதினார். கிரகணத்தின்போது சிறிய துவாரத்தின் வழியாக வரும் வெளிச்சம் பிறை வடிவில் விழுகிறது, துவாரத்தைப் பெரிதாக்கினால் அந்தப் பிறை மறைந்துவிடுகிறது, இது ஏன் என்பதுதான் அதில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

விடை இதுதான். சிறு துவாரம் ஒளியைத் தேர்ந்தெடுக்கிறது. சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வரும் ஒளி துவாரத்தின் வழியாக நேராகச் சென்று கீழ்ப்பக்கம் விழுகிறது. கீழ் விளிம்பின் ஒளி மேல்பக்கம் விழுகிறது. இடது வலதாகிறது, வலது இடதாகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் தனி இடம் கிடைத்துவிட்டதால் கலப்பு நீங்கி, தலைகீழான ஒரு படம் உருவாகிறது. தஞ்சோங் பியாயில் வளையம் தோன்றுவதற்கு முன்பும் பின்பும் சூரியன் பிறையாகத்தான் இருந்தது. மரத்தடியில் விழுந்த பிறைகள் வானத்துப் பிறைக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். காரணம் இந்தத் தலைகீழ் மாற்றம்தான்.

மரத்தில் துவாரம் எங்கே என்று கேட்கலாம். இலைகளுக்கு இடையில் உள்ள சந்துகள்தான் துவாரங்கள். சாதாரண நாள்களிலும் மரத்தடியில் வட்ட வட்டமாக வெயில் விழுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். இலைச் சந்துகள் வட்டமாகவா இருக்கின்றன? கோணல்மாணலாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் தரையில் விழுவது வட்டம். ஏனென்றால் அது சந்தின் வடிவம் அல்ல, சூரியனின் வடிவம். இத்தனை காலம் மிதித்து நடந்த வெயில் பொட்டுகள் எல்லாம் சூரியனின் படங்கள் என்பது பலருக்குக் கிரகணத்தன்றுதான் தெரியவருகிறது.

காலையில் வெயில் சாய்வாக வருவதால் அன்று கோயம்புத்தூர்த் தரையில் விழுந்தவை நீள்வட்டமாக இழுபட்டிருக்கும். ஜொகூரில் உச்சியை ஒட்டிய வெயில் என்பதால் அவை வட்டத்துக்கு நெருங்கி இருந்திருக்கும்.

துவாரத்தின் சிக்கல்

சிறு துவாரமே படம் காட்டுமானால் லென்ஸ் எதற்கு? இங்கேதான் அந்த வளையங்களை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கிரகணத்தில் நிலவின் தோற்ற விட்டம் சூரியனின் விட்டத்தில் நூற்றுக்கு 97 பங்கு இருந்தது. அதாவது, மிஞ்சிய வளையத்தின் தடிமன் சூரியனின் விட்டத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். நல்ல லென்ஸ் வைத்து எடுத்த படங்களில் அது மோதிரம் போல மெல்லியதாகத் தெரிகிறது. மரத்தடி வளையங்களோ வடை போலத் தடித்திருக்கும். ஒரே சூரியன்தான், ஏன் இந்த வித்தியாசம்?

கணக்குப் போட்டால் புரியும். துவாரத்திலிருந்து தரை எவ்வளவு தூரமோ, அதில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு அளவில் சூரியனின் படம் விழும். இலைச் சந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் தரையில் விழும் படத்தின் விட்டம் சுமார் 4.7 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் வளையத்தின் கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்கக் கூடாது. ஆனால் இலைச் சந்து ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஒரு சென்டிமீட்டர் அகலத் திட்டாகத்தான் விழும். மெல்லிய கோடு தடித்த கோடாகிவிடும்.

சரி, துவாரத்தைச் சிறிதாக்கினால் என்ன? கோடு மெலியும். ஆனால் வெளிச்சம் குறைந்துவிடும். சூரியனிடம் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, தாங்கிக்கொள்ளும். ஒரு கல்யாண மண்டபத்தில் மணமக்களைப் படம் எடுக்க வேண்டுமானால் அது முடியாது. போதாக்குறைக்கு, துவாரத்தை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் ஒளி அதன் விளிம்பில் பரவத் தொடங்கி, படம் மறுபடியும் மங்கலாகிவிடும்.

தெளிவு வேண்டுமா, வெளிச்சம் வேண்டுமா? துவாரத்தால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடியாது.

பருப்பு வடிவக் கண்ணாடி

லத்தீன் மொழியில் கேமரா என்றால் அறை. லென்ஸ் என்றால் மைசூர்ப் பருப்பு. நடுவில் பருத்து ஓரங்களில் மெலிந்திருக்கும் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். இருட்டறையின் துவாரத்தில் கண்ணாடி வில்லையைப் பொருத்திப் பார்க்கும்படி 1568-இல் வெனிஸ் நகரத்து டேனியல் பார்பரோ எழுதினார். முதியவர்கள் படிக்கப் பயன்படுத்தும் மூக்குக் கண்ணாடியே போதும் என்றார்.

அந்த வில்லை என்ன செய்கிறது? ஒளி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் நுழைந்ததும் வேகம் 2 லட்சம் கிலோமீட்டராகக் குறைகிறது. சாய்வாக நுழைந்தால் திசையும் மாறுகிறது. தார்ச் சாலையில் போகும் செம்பனை லாரியின் இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் ஓரத்துச் சேற்றில் இறங்கினால், அந்தப் பக்கம் வேகம் குறைந்து வண்டி இடப்பக்கமாக இழுக்கும். ஒளிக்கும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது.

லென்ஸின் நடுப்பகுதியில் கண்ணாடியின் இரு பக்கங்களும் ஏறக்குறைய இணையாக இருக்கின்றன. அங்கே புகுந்த ஒளி நேராகப் போய்விடுகிறது. ஓரத்துக்குப் போகப் போக இரு பக்கங்களும் அதிகமாகச் சாய்கின்றன. அங்கே புகுந்த ஒளி அதிகமாக வளைகிறது. எவ்வளவு விலகிப் போன ஒளியோ அவ்வளவுக்கு உள்நோக்கித் திருப்பிவிடப்படுகிறது. விளைவு என்ன? ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டு, பரந்து விரிந்து, லென்ஸின் முகம் முழுவதிலும் விழுந்த ஒளி மறுபக்கத்தில் மீண்டும் ஒரே புள்ளியில் வந்து கூடுகிறது.

துவாரம் வேண்டாத ஒளியைத் தடுத்துப் படம் காட்டியது. லென்ஸ் எதையும் தடுக்கவில்லை. பிரிந்து போன ஒளியை ஒன்று சேர்க்கிறது. ஆகவே பெரிய வாயில் வழியாக ஏராளமான வெளிச்சம் வருகிறது, தெளிவும் கெடுவதில்லை. அரை மில்லிமீட்டர் துவாரத்தையும் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள லென்ஸையும் ஒப்பிட்டால், லென்ஸ் வாங்கும் ஒளி 2,500 மடங்கு.

பாதியை மறைத்தால்?

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகல் நேரத்தில், வெயில் நேராக உள்ளே வராத ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்ட வேண்டும். சாதாரணப் பூதக்கண்ணாடியைத் தாளின் முன்னே பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஓர் இடத்தில் ஜன்னலும் வெளியே உள்ள மரமும் வானமும் வண்ணத்தோடு, தலைகீழாக, தாளில் வந்து நிற்கும்.

இப்போது ஓர் அட்டையை வைத்துப் பூதக்கண்ணாடியின் கீழ்ப் பாதியை மறைக்க வேண்டும். என்ன நடக்கும்? பாதிப் படம் காணாமல் போகும் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். அப்படி நடப்பதில்லை. படம் முழுதாகவே இருக்கும். வெளிச்சம் மட்டும் பாதியாகும்.

இது ஏதோ வேடிக்கை அல்ல, லென்ஸின் முழு ரகசியமும் இதில்தான் இருக்கிறது. லென்ஸின் மேல் பாதி மரத்தின் மேல் பாதியைப் படம் எடுப்பதில்லை. மரத்தின் ஒவ்வொரு புள்ளியும் லென்ஸ் முழுவதற்கும் ஒளி அனுப்புகிறது. லென்ஸின் ஒவ்வொரு பகுதியும் முழுப் படத்துக்கும் வேலை செய்கிறது. கேமராவில் துளையைச் சுருக்கும்போது படம் சிறுத்துவிடாமல் வெளிச்சம் மட்டும் குறைவது இதனால்தான்.

மில்லிமீட்டர் கணக்கு

பூதக்கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தியதுதான் ஃபோகஸ் செய்வது. தூரத்துப் பொருளின் ஒளி லென்ஸுக்குப் பின்னால் எந்தத் தூரத்தில் கூடுகிறதோ, அதுவே குவியத் தூரம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் மலையும் நிலாவும் 50 மில்லிமீட்டரில் கூடும். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் குழந்தையின் முகமோ 52.6 மில்லிமீட்டரில் கூடும். அந்த 2.6 மில்லிமீட்டரைச் சரிசெய்யாவிட்டால், ஒவ்வொரு புள்ளியும் கூடி முடிப்பதற்குள் சென்சாரில் மோதித் திட்டாகிவிடும். முகம் கலங்கித் தெரிவது அதனால்தான்.

சூரியனின் படம் எவ்வளவு பெரிது என்பதற்கும் மரத்தடியில் போட்ட அதே கணக்கு பொருந்தும். குவியத் தூரத்தை 107-ஆல் வகுத்தால் போதும். 500 மில்லிமீட்டர் லென்ஸில் சூரியன் 4.7 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கைப்பேசியில் உள்ள லென்ஸின் குவியத் தூரம் நான்கைந்து மில்லிமீட்டர்தான். அதில் விழும் சூரியன் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கிரகணத்தன்று கைப்பேசியை நீட்டியவர்களுக்கு வளையம் சிக்காமல் வெள்ளை வெளிச்சம் மட்டும் சிக்கியதில் வியப்பில்லை.

இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. நல்ல லென்ஸ் ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஒரே கண்ணாடி என்றால் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைத்து, விளிம்புகளில் வண்ணக் கசிவு உண்டாக்கும். ஓரமும் நடுவும் ஒரே இடத்தில் கூடாது. இந்தக் குறைகளைச் சமாளிக்க வெவ்வேறு வகைக் கண்ணாடிகளைச் சேர்க்கிறார்கள். 1840-இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணிதத்தால் வடிவமைத்த லென்ஸ், ஆள் படம் எடுக்க உட்கார வேண்டிய நேரத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது. இன்று பத்து, பதினைந்து கண்ணாடிகள் கொண்ட லென்ஸ் சாதாரணம்.

ஆனால் பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு 4 பங்கு ஒளியைத் திருப்பி அடிக்கும். பத்துப் பரப்புகள் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீண். இதைத் தடுக்கவே லென்ஸில் ஊதாவும் பச்சையுமாக மின்னும் பூச்சு பூசப்படுகிறது. பூச்சையும் மீறிச் சிறிது ஒளி கண்ணாடிகளுக்குள் முட்டி மோதித் திரும்பும். அதுவும் மங்கலாக ஒரு படத்தை வரையும். கைப்பேசியில் எடுத்த கிரகணப் படங்களில் சூரியன் வெள்ளைத் திட்டாகப் போயிருந்தாலும், படத்தின் வேறொரு மூலையில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு சிறு பிறை அல்லது வளையம் விழுந்திருப்பதுண்டு. லென்ஸின் குறை என்று சொல்லப்படுவதே உண்மையான கிரகணத்தைக் காட்டிவிடுகிறது!

படம் எரிந்த கண்

கண்ணும் ஒரு கேமராதான். முன்னால் லென்ஸ், பின்னால் படம் விழும் விழித்திரை. அப்படியானால் கண்ணும் சூரியனின் படத்தை வரையும் அல்லவா? வரையும். அங்கேதான் ஆபத்து.

ஒளியைக் கூட்டிச் சேர்ப்பதுதான் லென்ஸின் வேலை என்றால், அது வெப்பத்தையும் கூட்டிச் சேர்க்கும். 75 மில்லிமீட்டர் வாயுள்ள 300 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொள்ளலாம். அந்த வாய் முழுவதிலும் விழுந்த வெயில் 2.8 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடக்கப்படுகிறது. ஏறக்குறைய 700 மடங்கு செறிவு! கண்ணாடி வழியாக நேரடியாகப் பார்க்கும் வகைக் கேமராவில் கண்ணை வைத்து இந்தச் சூரியனைப் பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேமராவே இல்லாத வெறும் கண்ணிலும் செறிவு நூறு மடங்குக்கு மேல் போகிறது.

2017 ஆகஸ்ட் 21 அன்று அமெரிக்காவில் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நியூயார்க்கில் அது முழுமையாக இல்லை, சூரியன் தடித்த பிறையாகத் தெரிந்தது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் அதைப் பார்த்த இருபது வயதைக் கடந்த ஒரு பெண், பார்வையின் நடுவில் கருமை விழுவதாகச் சொல்லி மருத்துவர்களிடம் வந்தார். தெரிவதை வரையச் சொன்னபோது அவர் ஒரு பிறையை வரைந்தார். மவுண்ட் சைனாய் மருத்துவமனைக் குழுவினர் அவருடைய விழித்திரையை நுண்ணிய கருவியால் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிதைந்த செல்கள் பிறை வடிவிலேயே இருந்தன. அவருடைய கண்ணின் லென்ஸ் கிரகணத்தைத் துல்லியமாகப் படம் எடுத்து, விழித்திரையில் எரித்து வைத்திருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மருத்துவ இதழில் இந்தச் செய்தி வெளியானது.

'வலித்தால் கண்ணை எடுத்துவிடுவேன்' என்று சிலர் நினைக்கலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. எரியும்போதும் தெரியாது. பாதிப்பு சில மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும்.

'சூரியன் பெரும்பகுதி மறைந்துவிட்டதே, இப்போது பார்த்தால் என்ன?' என்பது இன்னொரு சந்தேகம். ஜொகூரில் வளையம் தெரிந்த நேரத்தில் சூரியப் பரப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 6 பங்குதான் மிஞ்சியிருந்தது. ஆனால் அந்த 6 பங்கின் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சூரியனின் புள்ளிக்கு இருக்கும் அதே உக்கிரத்தோடு எரிகிறது. படத்தின் பரப்பு குறைந்ததே தவிர, சூடு குறையவில்லை. கறுப்புக் கண்ணாடியும் பழைய எக்ஸ்ரே படமும் பாத்திரத்துத் தண்ணீரில் பார்ப்பதும் இதற்குப் பாதுகாப்பு ஆகா.

கேமராவில் எடுப்பதானால், ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சூரிய வடிகட்டியை லென்ஸின் முன்புறத்தில் மாட்ட வேண்டும். பின்புறத்தில் மாட்டினால், லென்ஸ் ஏற்கெனவே குவித்துவிட்ட வெப்பம் வடிகட்டியையே உடைத்துவிடும். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு வடிகட்டி இல்லாத கேமராவுக்குள் பார்ப்பதும் அதே தவறுதான்.

வடிகட்டி வாங்க முடியாதவர்களுக்கு இப்னு அல்-ஹைதமின் வழி இருக்கிறது. ஓர் அட்டையில் ஊசியால் குத்திய துவாரம், சூரியனுக்கு முதுகைக் காட்டியபடி நின்று ஒளியைப் பிடிக்க இன்னொரு வெள்ளை அட்டை. இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் இருந்தால் படம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விழும். இரண்டு கை விரல்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துப் பிடித்தாலும் இடைச் சந்துகள் துவாரங்களாகிவிடும்.

தென்னிந்தியா, இலங்கை, மலேசியா வழியாக அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று வருகிறது. சிங்கப்பூரில் இன்னொரு வளையம் தெரிய 2063 பிப்ரவரி 28 வரை காத்திருக்க வேண்டும்.